கேரம் பவுடரைத் தேடும் கல்!

குட்டி நண்பர்களே, கேரம் விளையாடுவீர்கள்தானே? காய் வழுக்கிக்கொண்டு ஓட, பலகையில் என்ன தூவுவீர்கள்? ஆமாம், வெள்ளைப் பவுடர்! கடையில் ‘போரிக் பவுடர்’ என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். அந்தப் பவுடருக்குள் போரான் என்று ஒரு தனிமம் ஒளிந்திருக்கிறது. நகை செய்கிற பட்டறையில் பொன்னைப் பற்றவைக்க வெண்காரம் வைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதிலும் இருப்பது இதே போரான்தான்.

கடையில் சுலபமாகக் கிடைக்கிற இந்தப் போரான், பாறைகளில் மிக மிகக் குறைவு. சராசரியாகப் பார்த்தால், ஒரு லட்சம் கிலோ பாறையில் ஏறக்குறைய ஒரு கிலோ போரான் இருந்தாலே பெரிது! ஆனால், ஒரு கனிமக் குடும்பம் இந்தப் போரானைத் தேடிப் பிடித்துத் தன் உடம்புக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயர் டூர்மலின். அதன் எடையில் நூற்றில் மூன்று பங்கு போரான். அதாவது, சாதாரணப் பாறையில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு!

இந்த வாரம் நாம் அந்தக் குடும்பத்தில் ஓர் அபூர்வப் பிள்ளையைத் தேடிப் போகலாமா? முதலில் தர்மபுரி மாவட்டம். அப்புறம் இலங்கையின் ஊவா மலைகள். கிளம்பலாம், வாங்க!

ஒகேனக்கல்லில் கொஞ்சம் உட்காருங்கள்

ஒகேனக்கல் போனால் நாம் என்ன செய்வோம்? அருவியில் குளிப்போம், பரிசலில் போவோம், மீன் வறுவல் சாப்பிடுவோம். இந்த முறை இன்னொன்றும் செய்யுங்கள். பத்திரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சுற்றியுள்ள பாறைகளைக் கவனியுங்கள்.

ஒகேனக்கல், பென்னாகரம் பக்கமெல்லாம் கறுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், எண்ணெய் தடவியது போல மினுமினுக்கிற ஒரு பாறை உண்டு. இதன் பெயர் சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இந்த வகைப் பாறைதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதனால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்ட், 1893-ல் இந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்.

தர்மபுரிப் பக்கத்துச் சார்னோக்கைட்டின் வயது என்ன தெரியுமா? ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்! டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். அப்படியானால் இந்தப் பாறை எவ்வளவு பெரிய தாத்தா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாவு ஒன்று, பலகாரம் வேறு

பாறைகள் மூன்று வகை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். குழம்பு குளிர்ந்து உண்டானது தீப்பாறை. மண்ணும் மணலும் படிந்து இறுகியது படிவுப் பாறை. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும், பூமிக்குள் ஆழமாகப் போய் வெந்தால் உருமாறிய பாறை ஆகிவிடும்.

எப்படி? அம்மா அரைத்த மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவியில் வைத்தால் இட்லி. கல்லில் ஊற்றினால் தோசை. குழியில் ஊற்றினால் பணியாரம். மாவு ஒன்றுதான். சூடு எப்படிக் கிடைக்கிறதோ, அதற்கேற்ப பலகாரம் மாறுகிறது. பாறையும் அப்படித்தான். முழுவதும் உருகிக் குழம்பாகாமலே, உள்ளே இருக்கும் கனிமங்கள் கலைந்து புதுக் கனிமங்களாகச் சேர்ந்துகொள்ளும்.

சுண்ணாம்புப் பாறை வெந்தால் பளிங்காகும். களிமண் பாறை வெந்தால் முதலில் பலகைக்கல் ஆகும். இன்னும் வெந்தால், காக்காப்பொன் மின்னும் பாறையாகும். தர்மபுரிச் சார்னோக்கைட் எவ்வளவு வெந்தது? தரைக்குக் கீழே சுமார் இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில்! நம் வீட்டில் தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தானே?

அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று நம் காலடியில் எப்படி வந்தது? மேலே மூடியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் ஆற்றிலும் தேய்ந்து போய்விட்டது. தர்மபுரியில் நிற்கும்போது, ஒரு பழைய மலைத்தொடரின் அடிவயிற்றில் நிற்கிறீர்கள்!

போரான் ஓடிப்போச்சு!

சரி, இந்தச் சார்னோக்கைட்டில் டூர்மலின் கிடைக்குமா? தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஏன்?

வீட்டில் ரசம் கொதிக்கும்போது என்ன ஆகிறது? பெருங்காய வாசனை தெருமுனை வரைக்கும் வருகிறது அல்லவா? ஆவியோடு சேர்ந்து வாசனையும் பாத்திரத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ரொம்ப நேரம் கொதிக்க விட்டால், பாத்திரத்தில் ரசம் இருக்கும், வாசனை இருக்காது.

பாறையிலும் இதேதான் நடக்கிறது. கடலடிக் களிமண்ணில் கொஞ்சம் போரான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால், கடல்நீரில் போரான் கரைந்திருக்கிறது. அந்தக் களிமண் பாறையாகி, வெந்து, காக்காப்பொன் ஆகும்போது, போரான் அந்தக் காக்காப்பொன்னுக்குள் குடியிருக்கும். சூடு இன்னும் ஏறினால், காக்காப்பொன்னும் கலைந்துபோகும். அதற்குள் இருந்த நீர் வெளியேறும். அந்த நீரோடு போரானும் கைகோத்துக்கொண்டு கிளம்பிவிடும்!

சார்னோக்கைட் என்பது இப்படி நீர் வற்றிய பாறை. அதனால்தான் அதில் போரான் மிகவும் குறைவு. வெறும் ஊகம் என்று நினைக்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை பாறைகளை வரிசையாகச் சேகரித்துச் சோதித்த விஞ்ஞானிகள், 1995-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். தெற்கே வர வரப் பாறைகள் அதிக ஆழத்தில் வெந்தவை. அந்த அளவுக்கு, சுலபமாக ஓடிவிடும் ரூபிடியம் போன்ற தனிமங்கள் அவற்றில் குறைந்துகொண்டே வருகின்றன!

பார்த்தீர்களா? ஒரு பாறையில் இருப்பது மட்டும் கதை சொல்வதில்லை. இல்லாததும் கதை சொல்லும். வகுப்பில் வருகைப் பதிவேட்டில் யார் வரவில்லை என்று பார்த்து ஆசிரியர் விசாரிக்கிறாரே, அதுபோலத்தான்!

ஓடிய போரான் எங்கே போகும்?

சூடான நீரோடு கிளம்பிய போரான், விரிசல்கள் வழியாக மற்ற பாறைகளுக்குள் நுழையும். அங்கே அதற்குப் பிடித்த கூட்டாளிகள் கிடைத்தால், டூர்மலின் பிறக்கும்.

கூட்டாளிகள் யார் என்பதைப் பொறுத்து டூர்மலினின் பெயரும் மாறும். இரும்பும் சோடியமும் சேர்ந்தால் கறுப்பு நிற ஷோர்ல். அதிகம் கிடைப்பது இதுதான். மக்னீசியமும் சோடியமும் சேர்ந்தால் பழுப்பு நிற டிராவைட். ஐரோப்பாவில் ஓடும் திராவா நதியின் பெயர் அது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தால்? அதுதான் நம் கதாநாயகன், ஊவைட்!

ஊவைட் செய்முறையைச் சமையல் குறிப்பு போலவே சொல்லிவிடலாமா?

தேவையான பொருட்கள்: மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை. அதில் கொஞ்சம் களிமண். போரான் கலந்த சூடான நீர்.

செய்முறை: சுண்ணாம்புப் பாறையைப் பூமிக்குள் ஆழத்தில் வைத்துப் பளிங்காகும் வரை வேகவிடவும். கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்பிலிருந்து கிடைக்கும். அலுமினியமும் சிலிக்காவும் களிமண்ணிலிருந்து கிடைக்கும். போரான் நீர் உள்ளே வந்ததும், எல்லாம் சேர்ந்து படிகமாக வளரும். அவசரப்படக் கூடாது. இது லட்சக்கணக்கான ஆண்டுச் சமையல்!

இந்தப் பொருட்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் சேர வேண்டும். சுண்ணாம்பு இருந்து போரான் இல்லாவிட்டாலும் ஊவைட் கிடையாது. போரான் வந்து கால்சியமும் மக்னீசியமும் இல்லாவிட்டாலும் கிடையாது.

படிகத்துக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. சிலிக்கா அணுக்கூட்டங்கள் ஆறு ஆறாகக் கைகோத்து, கும்மியடிக்கிற பிள்ளைகள் போல வட்டமாக நிற்கும். போரான் அணு ஒவ்வொன்றும் மூன்று ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து முக்கோணமாக நிற்கும். இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தூணாக வளரும்.

சாம்பலை இழுத்த கல்

டூர்மலின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்து வீட்டிலிருந்துதான்! சிங்களத்தில் சில வண்ணக் கற்களைத் ‘தோரமல்லி’ என்பார்கள். தமிழிலும் ‘துவரைமல்லி’ என்று ஒரு மணியின் பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் ஐரோப்பாவுக்குப் போய் டூர்மலின் ஆனது.

1703-ம் ஆண்டு, டச்சு வியாபாரிகள் இலங்கையிலிருந்து இந்தக் கற்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் ஆச்சரியம் நடந்தது. கனலுக்குப் பக்கத்தில் வைத்த கல் சூடானதும், சாம்பலைத் தன் பக்கம் இழுத்தது! கொஞ்ச நேரத்தில் அதைத் தள்ளியும் விட்டது. டச்சுக்காரர்கள் அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுங்கான் குழாயில் ஒட்டிய சாம்பலை எடுக்க அதைப் பயன்படுத்தினார்களாம்.

இது மந்திரமா? இல்லை, மின்சாரம்! 1756-ல் ஏபினஸ் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். கும்மியடிக்கும் பிள்ளைகளைச் சொன்னேனே, அந்த அணுக்கூட்டங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. அதனால் படிகத்தின் ஒரு முனையும் மறு முனையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சூடாக்கினால் ஒரு முனையில் நேர் மின்சுமையும், மறு முனையில் எதிர் மின்சுமையும் சேரும். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்குமே, அது போலத்தான் இது சாம்பலை இழுக்கிறது. 1880-ல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும், டூர்மலினை அழுத்தினாலும் மின்சாரம் வரும் என்று கண்டுபிடித்தார்கள்.

சீட்டு மாறிய கற்கள்

இலங்கையில் பதுளை, மொனராகலை மாவட்டங்கள் சேர்ந்ததுதான் ஊவா மாகாணம். தேயிலைத் தோட்டங்களும், அங்கே உழைக்கும் மலையகத் தமிழர்களும் உள்ள மலைநாடு. 1929-ல் வில்ஹெல்ம் குனிட்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், கால்சியம் நிறைந்த டூர்மலினுக்கு இந்த ஊவாவின் பெயரைச் சூட்டினார். அப்படித்தான் ஊவைட் என்ற பெயர் பிறந்தது.

இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் ஆழத்தில் நன்றாக வெந்த உருமாறிய பாறைகளே. ஆனால் அவை வெந்த காலம் வேறு. தர்மபுரிப் பாறை வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். இலங்கைப் பாறைகள் வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தன. அந்தப் பெரிய கண்டத்தின் பெயர் கோண்டுவானா. இலங்கையில் சார்னோக்கைட்டும் உண்டு. கூடவே, பளிங்குப் பட்டைகளும் நிறைய உண்டு. சமையல் குறிப்பில் சொன்ன சுண்ணாம்பு ஞாபகம் இருக்கிறதா?

இனிமேல்தான் கதையில் திருப்பம். பெயர் வைத்த பிறகு ஊவைட்டைப் பலர் மறந்தே போனார்கள். பழுப்பு நிற டூர்மலின் கிடைத்தால், ‘டிராவைட்’ என்று சீட்டு எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். 1977-ல் பீட் டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சேகரிப்புகளில் இருந்த கற்களைச் சோதித்தார்கள். டிராவைட் என்று சீட்டு ஒட்டியிருந்த பல கற்கள் டிராவைட்டே இல்லை! எல்லாம் ஊவைட் வகை. கண்ணால் மட்டும் பார்த்துப் பெயர் வைத்ததன் விளைவு.

அதோடு முடியவில்லை. 2011-ல் டூர்மலின்களுக்குப் பெயரிடும் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஃபுளோரின் அதிகம் இருந்தால் அது ‘ஃபுளூர் ஊவைட்’. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் அணுக்கூட்டம் அதிகம் இருந்தால் மட்டுமே அது வெறும் ‘ஊவைட்’. பிரேசில் நாட்டு புருமாடோவில் கிடைக்கும் அழகான பச்சை, சிவப்புக் கற்கள் போன்ற பல, ஃபுளூர் ஊவைட் பக்கம் போய்விட்டன. உண்மையான ஊவைட் அபூர்வமாகிவிட்டது!

கடைசியில், புதிய விதிப்படி ஊவைட்டுக்கு அடையாள மாதிரியாக ஏற்கப்பட்ட கல் எங்கே கிடைத்தது தெரியுமா? இலங்கையில் இல்லை. இத்தாலியின் எல்பா தீவில்! 1814-ல் நெப்போலியனை நாடு கடத்தி வைத்தார்களே, அதே தீவுதான். அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பெயர் ஊவாவுக்குச் சொந்தம். ஆதாரக் கல்லோ எல்பாவுக்குச் சொந்தம். எந்த இடத்தில் எடுத்தது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுமையாகத் தெரிந்த கல்லுக்குத்தான் இப்படி மதிப்பு.

நீங்களும் பார்க்கலாம்

தர்மபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் இருக்கும் நண்பர்களே, உங்கள் ஊர்க் கல்லில் கறுப்பாக மின்னுகிற எதையாவது பார்த்தால், உடனே டூர்மலின் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று சோதனை செய்யுங்கள்.

1. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஏடு ஏடாக உரிந்து வந்தால், அது கறுப்புக் காக்காப்பொன்.

2. உடைந்த பக்கத்தைப் பாருங்கள். பலகை போலத் தட்டையான முகங்கள் பளபளவென்று தெரிந்தால், அது ஹார்ன்பிளெண்டாகவோ பைராக்சீனாகவோ இருக்கலாம். நம் பக்கத்துக் கறுப்பு மணிகளில் பெரும்பாலானவை இவைதான். டூர்மலின் அப்படி உடையாது. கண்ணாடி போலக் கன்னாபின்னாவென்று உடையும்.

3. படிகத்தின் உடம்பையும் தலையையும் பாருங்கள். உடம்பில் நெடுக, சீப்பால் கோடு இழுத்தது போல வரிகள் இருக்க வேண்டும். தலைப்பக்கம், பக்கங்கள் உப்பிய முக்கோணமாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மகிழ்ச்சி! டூர்மலினாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் எந்த டூர்மலின் என்று சொல்ல, ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

கல் குவாரிக்குள் மட்டும் போகாதீர்கள். அங்கே வெடி வைப்பார்கள், பள்ளமும் ஆழமாக இருக்கும். கோயில் தூண்களைச் சுரண்டுவதும் கூடாது. சாலையோர ஜல்லிக் குவியலும், ஆற்றோரக் கூழாங்கல்லும் போதும்.

ஒரு கல்லை எடுத்து வந்தால், அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டி வையுங்கள். எந்த ஊர், எந்த இடம், என்ன தேதி, பக்கத்தில் எப்படிப்பட்ட பாறை இருந்தது, இவ்வளவும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘பெயர் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். எடுத்த இடத்தை மறந்துவிட்டால், எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதைச் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

தர்மபுரிக் கருங்கல் மேடையாகவும் படிக்கட்டாகவும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் ஏதாவது ஒரு கருங்கல் இருக்கும். 250 கோடி ஆண்டுக் கதை அதற்குள் இருக்கலாம். எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது கேரம் பலகையையும் எடுத்து வாருங்கள். பவுடர் தூவும்போது, அப்பா அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பவுடரைத் தேடிப் பிடிக்கிற கல் எது, சொல்லுங்கள் பார்க்கலாம்?”